அடுத்தவர் பட்டாவில் ஓர் இரவு

மோன் பிளாங் சிகரத்தைச் சுற்றி ஒரு நடைபாதை போகிறது. ஏறக்குறைய 170 கிலோமீட்டர். பிரான்ஸில் புறப்பட்டு, இத்தாலிக்குள் இறங்கி, சுவிட்சர்லாந்தின் ஓரத்தைத் தொட்டு, திரும்பவும் பிரான்ஸுக்கே வந்து சேரும். நடப்பவர்கள் பத்து நாள் வாக்கில் முடிப்பார்கள். எல்லையில் கடவுச்சீட்டைக் கேட்க யாரும் நிற்பதில்லை. கணவாயின் உச்சியில் ஒரு கல்லும் ஒரு பலகையும் இருக்கும், அவ்வளவுதான். ஆளுக்கு இல்லாத அந்த எல்லை, முதுகுப்பையில் சுருட்டி வைத்திருக்கும் கூடாரத்துக்கு மட்டும் உண்டு.

பிரெஞ்சுப் பக்கத்தில் கடிகாரம்தான் சட்டம். லே கோந்தமீன் ஊருக்கு மேலே உள்ள இயற்கைக் காப்பகத்தில், அதுவும் குறித்துக் காட்டிய இடங்களில், மாலை ஏழு மணிக்குக் கூடாரம் அடிக்கலாம். காலை ஒன்பதுக்குள் பிரித்துவிட வேண்டும். ஐந்து மணிக்கே வந்து சேர்ந்தவர்கள் பையை அவிழ்க்காமல் அதன்மேல் சாய்ந்துகொண்டு, சின்ன அடுப்பில் நூடுல்ஸ் வேகும்வரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோடையில் அந்நேரத்துக்கு வெயில்கூட முழுசாக இறங்கியிருக்காது. ஏழானதும் அலுமினியக் கம்பிகள் ஒன்றோடொன்று பொருந்தும் சத்தம் புல்வெளியின் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலைவரை கேட்கும்.

2,516 மீட்டர் உயரத்தில் உள்ள செய்ன் கணவாயைத் தாண்டினால் இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கு. அங்கே கணக்கு உயரம்: 2,500 மீட்டருக்கு மேலே, சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை தங்கலாம். தாராளமான விதி போலத் தெரியும். வரைபடத்தை விரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். பாதை இத்தாலிக்குள் நுழைவது செய்ன் கணவாயில். வெளியேறுவது 2,537 மீட்டரில் உள்ள கிராண்ட் ஃபெர்ரே கணவாயில். இரண்டுக்கும் நடுவே வழக்கமான தடம் 2,500-ஐத் தொடுவதே இல்லை. காற்று சுழன்றடிக்கும் கணவாய் உச்சியில் ஆணி அடித்துப் படுக்கத் துணிந்தவருக்கு மட்டுமே அந்த அனுமதி. அதையும் கடந்து சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்துக்குள் கால் வைத்தால், முகாம்தளத்துக்கு வெளியே கூடாரம் கூடாது என்பதுதான் பொதுவிதி. லா ஃபூலியிலோ ஷாம்பேயிலோ காசு கட்டித் தங்கவேண்டியதுதான்.

ஒரே ஆள், ஒரே கூடாரம், ஒரே மலை. ஒரு நாடு மணியை அளக்கிறது, இன்னொன்று மீட்டரை. வடக்கே போனால் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளப்பார்கள். கிழக்கே போனால் தலைக்குமேல் துணி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 'காட்டில் கூடாரம் அடிக்க எந்தெந்த நாட்டில் அனுமதி உண்டு' என்று பச்சையும் சிவப்புமாக வண்ணம் பூசிய ஐரோப்பிய வரைபடங்கள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றை நம்பிக் கிளம்பியவர் பாதி வழியில் அபராதச் சீட்டு வாங்குவார். ஒவ்வொரு நாடும் எதை அளக்கிறது, ஏன் அதை அளக்கிறது என்று கேட்பதே பயனுள்ள கேள்வி. அந்த அளவுகோலைப் பார்த்தாலே அந்நாடு எதற்குப் பயப்படுகிறது என்பதும், நிலத்துக்குச் சொந்தக்காரர் என்றால் என்ன பொருள் கொள்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

நார்வேயிலிருந்து தொடங்கலாம். அங்கே பேச்சு அரசுப் புறம்போக்கைப் பற்றியதல்ல. தனியாருக்குப் பட்டா உள்ள நிலத்தைப் பற்றியது. 1957-இல் இயற்றப்பட்ட வெளிப்புற வாழ்க்கைச் சட்டம் நிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வீடு, முற்றம், உழுத வயல், வைக்கோல் புல்வெளி, புதிதாக மரம் நட்ட இடம் ஆகியவை 'இன்மார்க்', உள்நிலம். மலை, சதுப்பு, காடு, ஏரிக்கரை, கடற்கரைப் பாறை என்று பண்படுத்தாத மற்றதெல்லாம் 'உட்மார்க்', வெளிநிலம். வெளிநிலத்தில் யாரும் யாரையும் கேட்காமல் நடக்கலாம், கூடாரம் அடிக்கலாம். ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்தோ குடிலிலிருந்தோ குறைந்தது 150 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும். ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் என்றால் உரிமையாளரைக் கேட்கவேண்டும். ஆளரவமற்ற உயர்மலையில் அந்தக் கட்டுப்பாடும் தளர்கிறது. வயல்வெளிகளைக்கூட, அக்டோபர் 14 முதல் ஏப்ரல் 30 வரை, நிலம் உறைந்தோ பனி மூடியோ கிடந்தால் குறுக்கே நடந்து கடக்கலாம். விளைச்சலுக்குக் கேடு இல்லாதபோது வேலிக்கு வேலை இல்லை என்கிற விவசாயியின் நியாயம்தான் இது.

இவ்வளவு தாராளமாகக் கொடுத்த சட்டம் ஒரே ஒரு பழத்தில் கை இறுக்குவது வேடிக்கை. மஞ்சள் நிறத்தில் சதுப்பில் பழுக்கும் மேகப்பழம் வடக்கு நார்வேயில் தங்கம் மாதிரி. நூர்லாந்து, துரும்ஸ், ஃபின்மார்க் பகுதிகளில் அது விளையும் நிலத்தின் சொந்தக்காரர் 'பறிக்காதே' என்று சொல்லலாம். அப்போதும், நின்ற இடத்தில் பறித்து அங்கேயே வாயில் போட்டுக்கொள்வதைத் தடுக்க முடியாது. வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் கூடாது. உரிமை வயிற்றோடு நிற்கிறது. ஒஸ்லோவிலும் பெர்கனிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் இந்த விதிகளைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறார்கள். ஊரிலிருந்து வரும் உறவினர்கள்தான் 'இது யார் தோட்டமோ, என்னவோ' என்று தயங்கி நிற்பார்கள்.

ஸ்வீடனில் இந்த உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது; 1994-இல் சேர்த்தார்கள். ஆனால் நார்வேயைப் போல மீட்டர் கணக்குச் சொல்லும் ஒரு தனிச்சட்டம் அங்கே கிடையாது. தொந்தரவு செய்யாதே, நாசம் செய்யாதே என்ற இரண்டு சொல்லில் அரசே அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறது. ஓரிரு இரவு, வீட்டுக்காரர் கண்ணில் படாத தூரம், அவ்வளவுதான் நடைமுறை. ஃபின்லாந்திலும் கிட்டத்தட்ட இதே கதை. அங்கே கவனிக்கவேண்டியது தீ. கூடாரத்துக்கு அனுமதி தேவையில்லை. விறகு மூட்டித் தீ வளர்ப்பதற்கு நிலத்துக்காரரின் சம்மதம் வேண்டும்.

இதெல்லாம் வைக்கிங் காலத்து வழக்கம் என்று சுற்றுலாக் கையேடுகள் பெருமை பேசும். அதில் பாதிதான் உண்மை. அடுத்தவர் காட்டு வழியே போவதும் வழியில் பழம் பறிப்பதும் பழைய வழக்கம்தான். ஆனால் வேலைநிமித்தம் இல்லாமல், தூங்குவதற்காகவே ஒருவர் காட்டுக்குப் போவது இருபதாம் நூற்றாண்டின் பழக்கம். அதற்குப் பின்னால் ஒரு தொழிலாளர் சட்டம் இருக்கிறது: சம்பளத்துடன் கூடிய விடுமுறை. பிரான்ஸில் 1936-இல் மக்கள் முன்னணி அரசு இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. ஸ்வீடனும் 1938-இல் இரண்டு வாரம் கொடுத்தது. அதே ஆண்டு பிரிட்டனிலும் விடுமுறைச் சம்பளத்துக்கு ஒரு சட்டம் வந்தது. ஆலைத் தொழிலாளியின் கையில் முதல்முறையாக நாட்கள் இருந்தன. ஓட்டலுக்குக் கொடுக்கப் பணம்தான் இல்லை. கூடாரம் அந்த இடைவெளியில் முளைத்தது. நார்வேயின் 1957 சட்டம் காலங்காலமான வழக்கத்தைப் பதிவு செய்ததைவிட, இந்தப் புதுக் கூட்டத்துக்கு வழியமைத்தது என்றே நான் வாசிக்கிறேன்.

கூட்டம் வேறு மாதிரி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐஸ்லாந்து சாட்சி. 2010-இல் சுமார் 5 லட்சமாக இருந்த வெளிநாட்டுப் பயணிகள் 2017-இல் 22 லட்சம் ஆனார்கள். நாட்டின் மக்கள்தொகை 3.5 லட்சத்தைக்கூடத் தாண்டாத காலம் அது. வாடகைக்கு எடுத்த வேன்கள் வழிநெடுகப் பாசிவெளிகளில் நின்றன. அந்தப் பாசியில் ஒரு சக்கரத்தடம் பதிந்தால் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும். 2015-இல் நடைமுறைக்கு வந்த இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் நடப்பவரையும் ஓட்டுபவரையும் பிரித்தது. பண்படுத்தாத நிலத்தில் நடந்து போகிறவர் ஓரிரவு கூடாரம் அடிக்கலாம். மூன்று கூடாரம்வரை பரவாயில்லை. வேனிலோ, வண்டியோடு இழுத்துவரும் கூடாரத்திலோ தூங்குவதென்றால் முகாம்தளம் வேண்டும், அல்லது நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். உண்மையில் இந்தப் பிரிவினை வடநாடுகளில் பழையதுதான். காட்டில் வண்டி ஓட்டுவதை ஸ்வீடன் 1975-லும் நார்வே 1977-லும் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டன. எல்லோருக்குமான உரிமை என்று சொல்வது காலுக்குக் கொடுத்த உரிமை. சக்கரத்துக்கு அது ஒருநாளும் இருந்ததில்லை. வேன் வாழ்க்கைக்காரர்கள் பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. காலால் வருகிறவர்களின் உரிமையும் கூட்டத்தில் சுருங்குகிறது: நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் ஊராட்சிகள் குறிப்பிட்ட கடற்கரைகளில் கூடாரத்துக்கே தடை போடவேண்டியதாயிற்று.

இங்கிலாந்தில் கதை தலைகீழ். அங்கே நிலத்தின் சொந்தக்காரர் என்றால் 'வெளியே போ' என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர் என்று பொருள். 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர், ஷெஃபீல்டு பகுதித் தொழிலாளர்கள் சில நூறு பேர் கிண்டர் ஸ்கௌட் மேட்டில் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். அது பணக்காரர்களின் பறவை வேட்டை நிலம். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 2000-இல் நடமாடும் உரிமைச் சட்டமும் வந்தது. ஆனால் அந்தச் சட்டம் இங்கிலாந்தின் நிலத்தில் சுமார் 8 விழுக்காட்டுக்குத்தான் பொருந்தும்; அங்கும் நடக்கலாம், கூடாரம் அடிக்க முடியாது. ஆக, இங்கிலாந்தில் யாரையும் கேட்காமல் கூடாரம் அடிக்க உரிமை இருந்த பரந்த வெளி ஒன்றே ஒன்று: தென்மேற்கில் டார்ட்மூர்.

அது மரமற்ற மேட்டுநிலம். கருங்கல் குன்றுகள், முழங்கால் உயரப் புதர், காலை வைத்தால் உள்ளே இழுக்கும் கரிச்சேறு. பூங்காவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பொதுமேய்ச்சல் நிலம். பொது என்றாலும் சொந்தக்காரர்கள் உண்டு. பூங்காவிலேயே பெரிய நிலவுடைமை பட்டத்து இளவரசரின் கார்ன்வால் டச்சி என்ற எஸ்டேட்டினுடையது. ஊர்க்காரர்களுக்கு மாடு, ஆடு, குதிரை மேய்க்கும் உரிமை மட்டும் பரம்பரையாக வந்தது. 1985-இல் டார்ட்மூர் பொதுநிலச் சட்டம் பொதுமக்களுக்கும் ஓர் உரிமையைச் சேர்த்தது: திறந்தவெளிப் பொழுதுபோக்குக்காகக் கால்நடையாகவும் குதிரைமீதும் வந்துபோகலாம். கூடாரம் என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு அருகில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. பூங்கா நிர்வாகத்தின் துணைவிதிகள், ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் கூடாது, பொதுச் சாலையிலிருந்து 100 மீட்டர் தள்ளி அடி என்று சொல்லிக்கொண்டிருந்தன. உரிமை உண்டு என்று வைத்துக்கொண்டுதான் அவை எழுதப்பட்டிருந்தன.

2011-இல் டார்ட்மூரின் தென்பகுதியில் சுமார் 4,000 ஏக்கர் நிலத்தை நிதி மேலாளர் அலெக்சாண்டர் டார்வாலும் அவர் மனைவியும் வாங்கினார்கள். ஸ்டால் மூர் என்ற மேய்ச்சல்வெளி அதற்குள் வருகிறது. தங்களைக் கேட்காமல் அங்கே இரவு தங்க யாருக்கும் உரிமை இல்லை என்று அறிவிக்கும்படி நீதிமன்றம் போனார்கள். அவர்கள் வாதம் சட்டத்தின் சொற்களைப் பிடித்துக்கொண்டது. கால்நடையாகவும் குதிரைமீதும் என்றால் நடப்பதும் சவாரியும் மட்டுமே பொழுதுபோக்கு. துணிக்குள் புகுந்து ஜிப்பை மூடிக்கொண்டு தூங்குவது திறந்தவெளியும் இல்லை, பொழுதுபோக்கும் இல்லை. 2023 ஜனவரி 13 அன்று உயர்நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. தூக்கம் என்பது மறுநாள் நடைக்கு ஒரு வசதி, அது தன்னளவில் பொழுதுபோக்கு ஆகாது என்ற தர்க்கம்.

எட்டு நாள் கழித்து ஸ்டால் மூரில் ஏறக்குறைய மூவாயிரம் பேர் திரண்டார்கள். அந்த மேட்டுநிலத்தின் காவல்தெய்வம் என்று கதைகளில் வரும் ஓல்டு கிராக்கர்னின் பெரிய உருவத்தைத் தூக்கிக்கொண்டு பாட்டும் மேளமுமாகப் போனார்கள். அந்தக் கூட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இதே நாட்களில் சத்தமில்லாமல் நடந்த இன்னொன்று. பூங்கா நிர்வாகமும் நில உரிமையாளர்களும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: குறிப்பிட்ட பகுதிகளில் கூடாரத்துக்கு அனுமதி உண்டு, அதற்கு நிர்வாகம் உரிமையாளர்களுக்குத் தொகை தரும். புல் அதேதான், கூடாரமும் அதேதான். முந்தின வாரம் உரிமையாக இருந்தது இந்த வாரம் தயவாகிவிட்டது. தயவைத் திரும்பப் பெறலாம், அதற்கு விலை வைக்கலாம். உரிமைக்கும் அனுமதிக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வை ஐரோப்பாவில் வேறெங்கும் நான் காணவில்லை.

அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. டார்வால் தம்பதி உச்சநீதிமன்றம் போனார்கள். 2025 மே 21 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக மேல்முறையீட்டைத் தள்ளினார்கள். கால்நடையும் குதிரையும் வரும் வழியைத்தான் சொல்கின்றன, வந்தபின் என்ன செய்வது என்பதற்கு வேலி போடவில்லை; கூடாரத்தில் தங்குவது வழக்கமான பொருளில் திறந்தவெளிப் பொழுதுபோக்கில் அடங்கும் என்றார்கள். கூட்டத்தால் கேடு வந்தால் கட்டுப்படுத்தப் பூங்கா நிர்வாகத்திடம் துணைவிதிகள் இருக்கின்றன, அதற்காக உரிமையையே சுருக்கத் தேவையில்லை என்பதும் தீர்ப்பில் உண்டு. ஆனால் இந்த வெற்றி டார்ட்மூரின் பொதுநில எல்லையோடு நின்றுவிடுகிறது. வடக்கே எக்ஸ்மூருக்குப் போனாலும், ஏரி மாவட்டத்துக்குப் போனாலும் நிலத்துக்காரரின் சம்மதம் வேண்டும். ஏரி மாவட்டத்தில் உயரத்தில், கடைசி வேலிச் சுவருக்கு மேலே, தாமதமாக வந்து சீக்கிரம் கிளம்பினால் கண்டுகொள்ள மாட்டார்கள் என்பது வேறு. அது நடைமுறை, உரிமையாகாது.

ஸ்காட்லாந்து இதே தீவில் இருந்துகொண்டு முழுக்க வேறு வழியில் போனது. 2003-இன் நிலச் சீர்திருத்தச் சட்டம் 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின், பெரும்பாலான நிலத்தில் பொறுப்போடு நடந்துகொள்பவருக்கு நடக்கவும் தங்கவும் உரிமை உண்டு. இங்கே அளவுகோல் நடத்தை. சிறு எண்ணிக்கை, ஒரே இடத்தில் இரண்டு மூன்று இரவு, தடம் விடாமல் போவது. அழகான ஏற்பாடு, ஆனால் கிளாஸ்கோவிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் லோமண்டு ஏரி இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை பெட்டி பெட்டியாக பீர், மலிவான கூடாரம், பச்சை மரத்தை வெட்டிப் போட்ட தீ. திங்கள்கிழமை காலை கூடாரத்தை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். 2011-இல் ஏரியின் கிழக்குக் கரையிலும், 2017 மார்ச் முதல் இன்னும் பல கரைகளிலும் துணைவிதி வந்தது. மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை அந்த வளையங்களுக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் கூடாரம் கூடாது. ஏரி அடங்கிய தேசியப் பூங்காவின் பரப்பில் அது சிறு பங்குதான். ஆனால் சாலையோரம், தண்ணீர் ஓரம் என்று எல்லோரும் போக விரும்பும் பங்கு. ஒழுங்காக வந்துபோனவர்களும் மற்றவர்களுக்காகக் கட்டணம் கட்டுகிறார்கள் என்ற முணுமுணுப்பு நியாயமானதுதான். வேறு என்ன செய்திருக்கலாம் என்று கேட்டால் யாரிடமும் நல்ல பதில் இல்லை.

நடு ஐரோப்பாவில் காட்டுக்குள் நுழைவது உரிமை, காட்டில் தூங்குவது வேறு விஷயம். ஆஸ்திரியாவின் 1975 வனச் சட்டம் பொழுதுபோக்குக்காக எவரும் காட்டுக்குள் வரலாம் என்கிறது. இருட்டியபின் தங்கவும் கூடாரம் அடிக்கவும் உரிமையாளர் ஒப்புதல் கேட்கிறது. சுவிட்சர்லாந்தின் குடிமைச் சட்டமும் காட்டையும் மேய்ச்சலையும் எல்லோருக்கும் திறந்துவிட்டு, கூடாரத்தை மாநிலங்களிடமும் ஊராட்சிகளிடமும் விட்டுவிடுகிறது. மரக்கோட்டுக்கு மேலே, ஒருசிலர், ஓரிரவு என்றால் பொதுவாகச் சிக்கல் இல்லை என்பது சுவிஸ் மலையேறிகள் சங்கத்தின் வழிகாட்டல். ஆனால் தேசியப் பூங்கா, வேட்டைத் தடை வட்டாரங்கள், காட்டுயிர் ஓய்வு வளையங்கள் என்றால் அதுவும் கிடையாது. வாலேயைப் போல முன்பே கதவைச் சாத்திவிட்ட மாநிலங்களில் அந்த வழிகாட்டலைக் காட்டித் தப்பவும் முடியாது.

ஜெர்மனியில் பதினாறு மாநிலம், பதினாறு விதி. பொதுவாக இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். வடக்கே பிராண்டன்பர்க், மெக்லன்பர்க், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலங்கள் மட்டும், மோட்டார் இல்லாமல் வருகிறவர் திறந்த நிலத்தில் ஓரிரவு கூடாரம் அடிக்க இடம் கொடுக்கின்றன. பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருக்கக்கூடாது, நிலத்துக்காரர் ஆட்சேபிக்கவும் கூடாது. இவற்றைவிட என்னைக் கவர்வது சாக்ஸன் சுவிட்சர்லாந்தின் 'போஃபன்'. டிரெஸ்டனுக்கு அருகே எல்பே ஆற்றங்கரையில் மணற்பாறைக் கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றின் அடியில் மழை நனைக்காத குடைவுகள் உண்டு. நூறாண்டுக்கு மேலாகப் பாறையேறிகள் சனிக்கிழமை இரவு அங்கே படுத்து ஞாயிறு காலை ஏறுவார்கள். பகுதி தேசியப் பூங்காவானபோது அந்தப் பழக்கத்தைத் துடைத்தெறியாமல், ஐம்பதுக்கும் மேற்பட்ட குடைவுகளை அடையாளமிட்டு, பாறையேற வந்தவர் மட்டும் படுக்கலாம் என்று விட்டார்கள். கூடாரமும் தீயும் கூடாது. பின்பு படம் பிடித்துப் போடுவதற்காகவே வருகிறவர்கள் பெருகி, பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் தடையும் வந்தது. 2022 ஜூலையில் எல்லைக்கு அப்பால் செக் பக்கத்தில் சுமார் ஆயிரம் ஹெக்டேர் காடு எரிந்ததிலிருந்து, தீயைப் பற்றி அங்கே யாரும் விளையாட்டாகப் பேசுவதில்லை.

செக் நாட்டில் சட்டம் பார்ப்பது கூரையைத்தான். காட்டில் கூடாரம் அடித்தால் அது முகாம், கூடாது. தூங்குபையை விரித்து வானத்தைப் பார்த்துப் படுத்தால், தேசியப் பூங்காவுக்கு வெளியே, பெரும்பாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. முதல் உலகப்போர் காலத்திலிருந்தே பிராகாவின் இளைஞர்கள் வாரக்கடைசியில் ரயிலேறி வல்தாவா, சாசவா ஆற்றங்கரைகளுக்குப் போய், அமெரிக்க மேற்கத்தியக் கதைகளிலிருந்து பெயர் எடுத்துக் குடியிருப்புகளுக்குச் சூட்டி, கிதாரோடு படுத்துக் கிடந்த 'ட்ராம்பிங்' மரபு அந்நாட்டுக்கு உண்டு. சட்டம் அந்த மரபை ஒருபோதும் முழுசாக வெல்ல முயன்றதில்லை.

போலந்து அண்மையில் செய்தது மற்றவர்கள் பார்க்கவேண்டிய காரியம். அங்கே காடுகளில் பெரும்பங்கு அரசுக்குச் சொந்தம். காட்டில் தங்கக்கூடாது என்று விதி, தங்குகிறவர்கள் தங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். வனத்துறை 2019-இல் சில வட்டாரங்களில் சோதித்துப் பார்த்துவிட்டு, 2021 மே 1 முதல் 'காட்டில் தங்குங்கள்' என்றே பெயர் வைத்து ஒரு திட்டம் தொடங்கியது. 430 வனவட்டாரங்களில் 425-இல் வரைபடத்தில் எல்லை குறித்து, மொத்தம் 6 லட்சம் ஹெக்டேருக்கு மேல் திறந்துவிட்டார்கள். ஒன்பது பேர்வரை, இரண்டு இரவுவரை, முன்கூட்டிச் சொல்லவே வேண்டாம். அதற்கு மேல் என்றால் மின்னஞ்சல் போதும். தடை செய்து விரட்டுவதற்குப் பதில் எங்கே தூங்கலாம் என்று காட்டிவிட்டால், தூங்கக்கூடாத இடம் தானாகக் காலியாகும் என்ற கணக்கு. எஸ்தோனியாவின் அரசு வன நிறுவனம் இதைப் பல ஆண்டுகளாகவே செய்கிறது: காட்டுக்குள் இலவச முகாம்தளங்கள், தீக்குழி, மேசை, பலவற்றில் விறகுக் கொட்டகைகூட. டென்மார்க்கும் தன் அரசுக் காடுகளில் இருநூறுக்கும் மேற்பட்டவற்றை ஓரிரவுக் கூடாரத்துக்குத் திறந்திருக்கிறது. நெதர்லாந்தில் காட்டில் ஒரு கம்பம் நட்டு அதைச் சுற்றிப் பத்து மீட்டருக்குள் மூன்று கூடாரம் என்று வைத்திருந்தார்கள். அடர்ந்த நாடு, கூட்டம் தாங்கவில்லை, கம்பங்களைப் பிடுங்கவேண்டியதாயிற்று.

தெற்கு சீக்கிரம் முடிந்துவிடும். குரோஷியா, கிரீஸ் இரண்டிலும் முகாம்தளத்துக்கு வெளியே கூடாரம் தடை; அபராதம் உண்மையாகவே விதிக்கிறார்கள். ஸ்பெயினில் 1988-இன் கடற்கரைச் சட்டம் கரையில் கூடாரத்தைத் தடுக்கிறது. மலைக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. பிரான்ஸில் பொதுச்சட்டம் சம்மதத்தோடு கூடாரம் அடிக்க விடுகிறது. கடற்கரை, வரலாற்றுச் சின்னத்துக்கு 500 மீட்டருக்குள், குடிநீர் ஊற்றுக்கு 200 மீட்டருக்குள் விடுவதில்லை. தேசியப் பூங்காக்களில் எக்ரானும் மெர்கான்தூரும் எல்லையிலிருந்தோ சாலையிலிருந்தோ ஒரு மணி நேர நடைக்கு அப்பால் ஓரிரவு தங்க விடும். வனுவாஸ் சில மலைவிடுதிகளின் அருகில் மட்டும். மார்செய் பக்கத்துக் கலாங்க் அறவே விடாது. தெற்கின் பயம் தீ. வடக்கே ஈரக்காட்டில் பழகியவர் மத்தியதரைக்கடல் பைன் காட்டின் ஆகஸ்டு மாதத்தைப் புரிந்துகொள்ளாமல் கோபப்படுவார். அந்த வடக்கும் இப்போது பாதுகாப்பாக இல்லை: 2018 கோடையில் ஸ்வீடனில் ஏறத்தாழ 25,000 ஹெக்டேர் காடு எரிந்தது, தோட்டத்தில் இறைச்சி வாட்டுவதைக்கூடப் பல இடங்களில் தடுத்தார்கள். நார்வேயில் ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டோரத்திலும் தீ மூட்டுவதற்குப் பொதுத்தடையே உண்டு.

ஆகவே கையில் இருக்கவேண்டியது காஸ் அடுப்பு. அதன் உருளையை விமானத்தில் கொண்டுபோக முடியாது, இறங்கிய ஊரில்தான் வாங்கவேண்டும். திருகு மூடி உருளைக்கான அடுப்போடு பிரெஞ்சுக் கிராமத்துக்குப் போனால் அங்கே மளிகைக் கடையில் இருப்பது அழுத்திப் பொருத்தும் வேறு வகையாக இருக்கும். இணைப்பான் ஒன்றை வீட்டிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது நல்லது. மலம் கழிக்கத் தண்ணீரிலிருந்து 30 மீட்டராவது விலகிக் குழி தோண்டவேண்டும் என்கிறது ஸ்காட்லாந்தின் நடத்தை விதி. காகிதத்தைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவருவதுதான் இப்போது மரியாதை. ஸ்காட்லாந்தின் மேற்கில் மே கடைசி முதல் செப்டம்பர்வரை கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன கொசுப்பூச்சி மேகமாக எழும். லேசான காற்று அடித்தாலே அது பறக்காது என்பதால் பள்ளத்தைவிட மேட்டில் கூடாரம் போடுவது மேல். உண்ணிதான் பெரிய அபாயம். புல்லின் நுனியில் காத்திருந்து காலில் தொற்றும். லைம் நோயைப் பெரும்பாலான நாடுகளில் பரப்பும். பால்டிக் நாடுகள், செக், ஆஸ்திரியா, தெற்கு ஜெர்மனி, ஸ்டாக்ஹோம் தீவுக்கூட்டம் ஆகிய இடங்களில் மூளையழற்சிக் கிருமியையும் கொண்டுவரும். இரண்டாவதற்குத் தடுப்பூசி உண்டு. முழுப் பாதுகாப்புக்கு மூன்று தவணை, மாதக்கணக்கில் இடைவெளி. ஜூன் மாதம் கிளம்புகிறவர் குளிர்காலத்திலேயே தொடங்கவேண்டும்.

விதி தேடும்போது நாட்டின் பெயரை மட்டும் தேடுவது வீண். சிக்கவைப்பது பெரும்பாலும் கீழ்மட்ட விதிதான்: மாநிலம், காப்பகத்தின் எல்லைக்கோடு, ஊராட்சி நட்ட பலகை, அன்றைய தீ அறிவிப்பு. புரோவான்ஸில் ஜூன் முதல் செப்டம்பர்வரை எந்தக் குன்றுக்குள் நாளை நுழையலாம் என்பதை மாவட்ட நிர்வாகம் வண்ண வரைபடமாக முந்தின நாள் மாலையில்தான் வெளியிடும். சிவப்பு விழுந்தால் கூடாரம் இருக்கட்டும், பகலில் நடக்கக்கூட முடியாது. அந்தப் பக்கம் கோடையில் போகிறவர்கள் பயணத்தில் ஓரிரண்டு நாளை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவைப்பது உசிதம்.